கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் தாள்: இரண்டிரண்டாகத் தெரிபவர்கள் வாங்கலாமா?

நகத்தால் வருடினால் சீப்புப் பல்லைத் தடவியதுபோல் நெருக்கமான கோடுகள் தட்டுப்படும். மறுபக்கம் வழவழப்பு. கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். விரலால் வளைக்கலாம், கத்தரிக்கோலால் வெட்டலாம். ஃபிரெனல் பிரிசம் தாள் என்பது இதுதான். கண்ணை அசைக்கும் நரம்பு திடீரென்று செயலிழந்து, எதிரே வரும் பஸ்ஸும் இரண்டு, தட்டில் இட்லியும் இரண்டு என்று தெரிகிறவர்களுக்கு மூக்குக்கண்ணாடியின் உட்புறம் ஒட்டிக் கொடுப்பது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மருத்துவமனையின் கண்ணாடிப் பிரிவில் காட்டினால் வரவழைத்துத் தருவார்கள். கையிருப்பில் இல்லாத எண் என்றால் நாளாகும், அதனால் விலையையும் வந்து சேரும் தேதியையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடலாம். நல்ல பொருள். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு செயலிழக்கும் வாதத்தில் முதல் சில மாதங்களைத் தள்ளுவதற்கு இதைவிட வசதியான வழி குறைவு. ஆனால் தாளின் மதிப்பு முழுக்க அளந்தவர் கையில் இருக்கிறது. ஒன்பது திசையிலும் அளக்காமல், எந்த நரம்பு, ஏன் என்று பார்க்காமல் ஒட்டிய தாள் வீண் செலவு. சில சமயம் ஆபத்தும்கூட, ஏனென்றால் இரட்டைப் பார்வை மறைந்துவிட்டது என்று நிம்மதியாகி மூளையில் இருக்கும் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவோம்.

முதலில் பொருளைப் பற்றி. சாதாரணப் பிரிசம் ஆப்பு வடிவம்: ஒரு ஓரம் தடிப்பு, மறு ஓரம் மெல்லிசு. ஒளி தடித்த பக்கமாக வளையும், பார்ப்பவருக்கு உருவம் மெல்லிய பக்கமாக நகர்ந்து தெரியும். 1 பிரிசம் டையாப்டர் என்றால் 1 மீட்டர் தூரத்தில் 1 செ.மீ. நகர்த்தும் வலு. 40 மி.மீ. அகலக் கண்ணாடியில் 20 டையாப்டரைக் கடைந்து வைத்தால் ஒரு ஓரம் மற்றதைவிட ஏறக்குறைய 16 மி.மீ. தடிக்கும். யாரும் மூக்கில் சுமக்க முடியாது. கலங்கரை விளக்கத்துக்காக ஃபிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் 1820களில் செய்த உபாயம் இங்கே கைகொடுக்கிறது: சாய்வு மட்டும் இருந்தால் போதும், அதன் கீழ் இருக்கும் கனம் தேவையில்லை. அதனால் பெரிய ஆப்பைச் சின்னச் சின்ன ஆப்புகளாக வரிசையாக அடுக்கிவிட்டார்கள். நகத்தில் தட்டுப்படும் கோடுகள் அந்த ஆப்புகளின் விளிம்புகள். 1 முதல் 40 டையாப்டர் வரை பல எண்களில் தாள் கிடைக்கிறது.

அந்த விளிம்புகளுக்கு ஒரு விலை உண்டு. ஒளி அங்கே சிதறும். எண் சிறியதாக இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. 15, 20ஐத் தாண்டினால் பார்வைப் பலகையில் ஓரிரு வரி குறையும், எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வானவில் நிறம் படியும், இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட் கோடாக இழுபடும். 30க்கு மேல் போனால் பனிப்படலத்துக்குள் பார்ப்பது போலத்தான். இதனால்தான் தாளை ஒரு கண்ணில் மட்டும் ஒட்டுகிறோம், பெரும்பாலும் பாதிக்கப்பட்ட கண்ணில் அல்லது பார்வை கொஞ்சம் குறைந்த கண்ணில். தெளிவு குறையும் என்பதைச் சொல்லாமல் ஒட்டினால், "புதுக் கண்ணாடியில் மங்கலா இருக்கு" என்று இரண்டாம் நாளே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

இனி, தாளுக்குப் போகுமுன் நடக்க வேண்டியது.

முதல் கேள்வி எளிது: ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடுகிறதா? எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிறது என்றால் இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்தும் நிழல்போல இரண்டு தெரிந்தால் அது புரை, கருவிழி வளைவு, கண்ணாடி எண் போன்ற சங்கதி. அதற்கு நரம்பும் காரணமில்லை, பிரிசமும் உதவாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்துவந்த புரை நோயாளிகள் உண்டு.

அடுத்து, உடனே ஓட வேண்டியவர்கள். இமை தொங்கி, கண் வெளியே கீழே ஒதுங்கி, கண்ணின் நடுவிலுள்ள கருந்துளையான பாப்பா விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருந்தால் மூன்றாம் நரம்பு வாதம். அதோடு கடும் தலைவலியும் இருந்தால் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வெடிக்கக் காத்திருக்கலாம். கண்ணாடிக் கடைக்குப் போகிற நேரமே இல்லை. நரம்பியலும் நரம்பு அறுவையும் ஒரே வளாகத்தில் இருக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தால் காசநோய் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கட்டுப்பாடில்லாத சுகரோடு முகவலி, மூக்கில் கறுத்த பொருக்கு, கண் அசையாமை என்றால் 2021இல் ஊரெல்லாம் பேசிய கருப்புப் பூஞ்சை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும்: இரவு தரையில் படுத்தவர் விடியும்போது இரண்டு இமையும் சொருகி, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால், கடிவாயே தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் தீண்டலைச் சந்தேகப்பட வேண்டும். அடுத்து மூச்சுத் தசை செயலிழக்கும்.

இவற்றையெல்லாம் தாண்டி வருகிறவர்கள்தான் இந்தத் தாளுக்கு உரியவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், சுகர் அல்லது பிரஷர் உள்ளவர், காலையில் எழுந்ததும் ஒரு கண் வெளிப்பக்கம் போக மறுக்கிறது. நரம்புக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய் அடைபட்டதால் வரும் ஆறாம் நரம்பு வாதம். இது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே சரியாகும். அந்த மூன்று மாதத்துக்கான பொருளாகத்தான் தாளைப் பார்க்க வேண்டும். கண்ணை உருட்டும் பயிற்சியால் இந்த நரம்பு சீக்கிரம் எழுந்து வந்துவிடாது. சுகரையும் பிரஷரையும் பிடித்து நிறுத்துவதில்தான் அக்கறை காட்ட வேண்டும்.

அளவு எடுப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குறை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

பாப்பா விரியும் மருந்தை ஊற்றிவிட்டால் பாப்பாவைச் சோதிக்க முடியாது. கிட்டப் பார்வையும் மங்கி, கிட்ட அளவு தவறும். அதனால் பாப்பா, இமை, கோணம் எல்லாம் மருந்துக்கு முன், விழித்திரைச் சோதனை பின். ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும்போது வரிசை மாறி முதலில் மருந்து விழுந்துவிடும். "எனக்கு இரண்டிரண்டாத் தெரியுது, அளந்துட்டு மருந்து ஊத்துங்க" என்று நோயாளியே சொல்லலாம். அப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விழித்திரைச் சோதனையைத் தவிர்க்கவும் கூடாது. பார்வை நரம்பின் தலை வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, ஆறாம் நரம்பு அதன் முதல் பலி.

தலை எப்படி இருக்கிறது என்று உட்காரும்போதே கவனிக்க வேண்டும். ஆறாம் நரம்பில் முகம் பாதிக்கப்பட்ட பக்கமாகத் திரும்பியிருக்கும். கண்ணைக் கீழே இறக்கும் நான்காம் நரம்பில் தலை எதிர்த் தோளை நோக்கிச் சாய்ந்திருக்கும், படி இறங்கும்போதும் பூ கட்டும்போதும் தொல்லை அதிகம். திருப்பரங்குன்றத்தில் ஏறும்போது சிரமமில்லை, இறங்கும்போது படி இரண்டாகிறது என்று ஒருவர் சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்தது.

பிறகு மறைப்புச் சோதனை. 6 மீட்டரில் ஒரு எழுத்து, 33 செ.மீ.இல் ஒரு எழுத்து. கண்ணை மாற்றி மாற்றி மூடி, கண் நகர்வது நிற்கும்வரை பிரிசத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நேராக, வலம், இடம், மேல், கீழ், நான்கு மூலை என ஒன்பது திசை, அதோடு தலையை இருபக்கமும் சாய்த்து. சின்ன வயது முதல் இருக்கும் மாறுகண்ணில் எல்லாத் திசையிலும் கோணம் ஏறக்குறைய ஒன்றே. வாதத்தில் வலுவிழந்த தசையின் திசையில் போகப்போகக் கோணம் பெருகும். இன்னொரு அடையாளமும் உண்டு: நல்ல கண்ணால் பார்க்கும்போது 20 டையாப்டர் என்றால், வாதக் கண்ணால் பார்க்கச் செய்யும்போது 35 ஆகக்கூட ஏறும். தளர்ந்த தசையை அசைக்க மூளை அனுப்பும் அதிகப்படியான கட்டளை நல்ல கண்ணின் ஜோடித் தசைக்கும் அதே அளவில் போவதால் இப்படி நடக்கிறது. எந்தக் கண்ணால் பார்க்கும்போது எடுத்த அளவு என்று சீட்டில் எழுதவில்லை என்றால் தாளின் எண் தவறிப்போகும்.

செங்குத்தாக விலகியிருந்தால் மூன்று கேள்வி. எந்தக் கண் மேலே? வலம் பார்க்கும்போது அதிகமா, இடம் பார்க்கும்போதா? தலையை எந்தத் தோளுக்குச் சாய்த்தால் அதிகம்? வலக்கண் மேலே, இடம் பார்த்தால் அதிகம், வலத்தோளுக்குச் சாய்த்தால் அதிகம் என்று வந்தால் வலக்கண்ணின் மேல் சாய்தசை, அதாவது நான்காம் நரம்பு. அதில் உருவம் சுழன்றும் தெரியும். பிரிசம் உருவத்தை நகர்த்தும், சுழற்றாது. சுழற்சி அதிகம் என்று இரட்டை மேடக்ஸ் கோல் சோதனையில் தெரிந்தால் தாளை வாங்கவே வேண்டாம்.

ஹெஸ் சார்ட் எடுத்திருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். சிவப்பு-பச்சைக் கண்ணாடி போட்டு 50 செ.மீ. தூரத்தில் புள்ளிகளைக் குறித்து வரையும் படம் அது. இரண்டு கட்டங்களில் சிறுத்துப்போனது வாதக் கண்ணுடையது. மாதாமாதம் எடுத்த படங்களை அடுக்கி வைத்தால் நரம்பு திரும்புகிறதா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். எண்களைவிட இதை வீட்டாருக்குக் காட்டுவது எளிது.

ஏற்கனவே மாறுகண் உள்ளவருக்குப் புதிதாக வாதம் வந்தால்தான் சிக்கல். சின்ன வயதிலேயே மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கப் பழகியிருக்கும், அதனால் வாதம் வந்தும் சிலருக்கு இரண்டாகத் தெரியாது, சிலருக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் படம் விழுந்து புதிதாக இரண்டாகும். பழைய கோணம் எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு என்று பிரிக்கப் பழைய போட்டோ வேண்டும். கல்யாண ஆல்பம் மிக நல்ல ஆவணம். முப்பது வருடத்துக்கு முந்தைய மணமேடைப் படத்திலேயே தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், இப்போது "திடீரென்று" வந்தது உண்மையில் பிறவியிலிருந்தே இருந்து, வயதில் சமாளிப்புத் திறன் குறைந்து வெளிப்பட்ட நான்காம் நரம்பு வாதம். அப்படிப்பட்டவர்களுக்கு முகத்தின் இரண்டு பாதியும் கொஞ்சம் வேறுபட்டிருக்கும். செங்குத்து விலகலைச் சேர்த்துக்கொள்ளும் திறனும் சாதாரணமானவர்களைவிடப் பல மடங்கு இருக்கும். இவர்களுக்குப் பாதி எண் பிரிசமே போதும். முழு எண்ணை ஒட்டி அவதிப்பட வைக்க வேண்டாம். முதல் முறை போகும்போதே ஆல்பத்தையோ போனில் எடுத்த படத்தையோ கொண்டுபோங்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் உதவாது, ஸ்டுடியோக்காரர் தலையை நிமிர்த்தியிருப்பார்.

வாதம் போலவே வேஷம் போடுகிறவையும் இருக்கின்றன. காலையில் பரவாயில்லை, மாலையில் மோசம், இமையும் தொங்குகிறது, கோணம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு என்றால் தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா நோய். மூடிய இமைமேல் ஐஸ் பையை 2 நிமிடம் வைத்து எடுத்ததும் இமை எழும்பினால் சந்தேகம் வலுக்கும். கோணமே நிலையாக இல்லாதபோது பிரிசம் எண் எதை எழுதுவது? தைராய்டு கண்ணில் தசை தளரவில்லை, வீங்கி இறுகியிருக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டு இடுக்கியால் கண்ணை இழுத்துப் பார்த்தால் நகராது. வாதக் கண் புதிதாக இருக்கும்வரை இழுத்தால் வரும். பிறவியிலேயே ஆறாம் நரம்பு அமையாத டுவேன் கண், உள்ளே திரும்பும்போது இமை இடுங்கிக் கண் குழிக்குள் இழுபடுவதால் அடையாளம் தெரியும். அவர்களுக்குப் பெரும்பாலும் இரட்டைப் பார்வையே இராது. ஸ்கேன் தேவையில்லாமல் போகும் கண் இது.

அளந்தாயிற்று. எண்ணைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு கலை. 6 மீட்டரில் 25 என்று வந்தால் 25ஐயே ஒட்ட வேண்டியதில்லை. உருவங்கள் ஒன்றுசேரும் மிகச் சிறிய எண் போதும், பலருக்கு 18இலோ 20இலோ சேர்ந்துவிடும். எண் குறையக் குறையத் தெளிவு கூடும். ஆறாம் நரம்பில் தூரத்துக்கு 20 என்றால் கிட்டத்தில் 8தான் இருக்கும். முழுக் கண்ணாடிக்கும் 20 ஒட்டினால் பேப்பர் படிக்கும்போது எதிர்த்திசையில் இரண்டாகும். இங்கேதான் தாள் கடைந்த பிரிசத்தைத் தோற்கடிக்கிறது: மேல் பாதிக்கு மட்டும் வெட்டி ஒட்டலாம், கீழ்ப்பாதியை வெறுமனே விடலாம் அல்லது வேறு எண் ஒட்டலாம். நான்காம் நரம்பில் தலைகீழ், கீழ்ப்பாதிக்கு மட்டும் செங்குத்துப் பிரிசம்.

கிடைமட்டமும் செங்குத்தும் சேர்ந்து விலகியிருந்தால் இரண்டு தாள் வேண்டாம். கிடைமட்டம் 8, செங்குத்து 6 என்றால் ஒரே 10 டையாப்டர் தாளைச் சுமார் 37 டிகிரி சாய்த்து ஒட்டினால் இரண்டும் தீரும். அந்தச் சாய்வைச் சீட்டில் டிகிரியோடு எழுதி வாங்குங்கள். அடிப்பக்கம் மேலா கீழா, மூக்குப் பக்கமா காதுப் பக்கமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நினைவு வைக்க ஒரு வழி: கண் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ, பிரிசத்தின் மெல்லிய முனை அந்தப் பக்கம். ஆறாம் நரம்பில் கண் மூக்கை நோக்கியிருக்கும், எனவே மெல்லிய முனை மூக்கை, தடித்த பக்கம் காதை நோக்கி. சீட்டில் இது "பேஸ் அவுட்" என்றிருக்கும்.

ஆர்டர் கொடுக்குமுன் ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். அதே எண்ணுள்ள பிரிசத்தைச் சோதனைச் சட்டத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வராந்தாவில் நடந்து பாருங்கள், படி ஏறி இறங்குங்கள், போனில் படியுங்கள். தலையில் பலத்த அடிபட்டவர்களில் சிலருக்கு எந்த எண்ணைப் போட்டாலும் உருவங்கள் அருகே வந்து விலகிவிடும், சேரவே சேராது. இரண்டு படங்களை இணைக்கும் மூளைத்திறனே போயிருக்கும். அரை மணி நேர நடை அதைக் காட்டிக்கொடுத்துவிடும், பணமும் மிஞ்சும்.

ஒட்டுவது. ஃபிரேம் சின்னதாக, தட்டையான கண்ணாடியோடு, முழு விளிம்புள்ளதாக இருக்கட்டும். வளைவு அதிகமுள்ள பெரிய கண்ணாடியில் ஓரம் தூக்கும். கண்ணாடியைக் கழற்றி, கண்ணை நோக்கியிருக்கும் பின்பக்கத்திலிருந்து காகிதத்தில் வடிவம் வரைய வேண்டும். முன்பக்கத்திலிருந்து வரைந்தால் இடவலம் மாறிவிடும், வெட்டிய தாள் பிறகு எதற்கும் ஆகாது. காகிதத்தில் தடித்த பக்கம் எதுவென்று அம்புக்குறி போட்டு, அதைத் தாளோடு பொருத்தி, விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளடக்கி வெட்டுங்கள். ஃபிரேமைத் தொடும் தாள் நாலு நாளில் உரிந்து வரும். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். கண்ணாடியும் தாளும் தண்ணீருக்குள் இருக்கும்போதே வழவழப்பான பக்கத்தைக் கண்ணாடியின் பின்புறத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் தள்ளினால் காற்றுக் குமிழ் வெளியேறும். பசை கிடையாது, தண்ணீர் வற்றும்போது தானே பற்றிக்கொள்ளும். இரவு முழுக்கப் படுக்கையாக வைத்துவிட வேண்டும். கடுகளவுக் குமிழ் ஒரு நாளில் மறையும். மறுநாளும் மறையாவிட்டால் கழற்றித் திரும்ப ஒட்டலாம், தாள் அதற்கெல்லாம் அசராது.

சரியாக ஒட்டியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் அளவுநாடாவைக் கிடைமட்டமாக ஒட்டி, ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கண்ணாடியைச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் பிடித்து, கோட்டின் ஒரு பகுதி தாள் வழியாகவும் மறு பகுதி வெளியேயும் தெரியும்படி பாருங்கள். 10 டையாப்டர் என்றால் கோடு 10 செ.மீ. முறிந்து, மெல்லிய பக்கமாக நகர்ந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் தாள் தலைகீழ். இந்த ஒரு தவறால் 20 விலகல் 40 ஆகும். "பிரிசம் போட்டும் மோசமாயிருச்சு" என்று வருபவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மதுரை வெயிலும் தண்ணீரும் இந்தத் தாளுக்குப் பகை. போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காய விட்டால் கோடுகளுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாகப் படியும், அதன்பின் தேய்த்தாலும் போகாது. கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்கட்டும். ஒரு சொட்டு லேசான சோப்பு, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கி, கோடு ஓடும் திசையிலேயே தேய்ப்பு. துண்டால் குறுக்கே துடைத்தால் நூல் சிக்கும். ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் நீக்கி எதுவும் படக்கூடாது, தாள் விறைத்துவிடும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கண்ணாடியை வைத்தால் பிளாஸ்டிக் நெளியும். வியர்வை வழியும் புருவ ஓரத்தில்தான் தாள் முதலில் தூக்கும். உரிந்தால் பசை தடவாதீர்கள், திரும்பத் தண்ணீரில் ஒட்டுங்கள். சில மாதங்களில் மஞ்சள் பூக்கும், அதற்குள் எண்ணும் மாறியிருக்கும் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

என்ன செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தாள் ஒரு எண்தான், வாதத்திலோ திசைக்கு ஒரு எண். நேராகப் பார்க்கும்போது ஒன்றாகும். வாதப் பக்கம் கண்ணைத் திருப்பினால் திரும்ப இரண்டு. கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பப் பழக வேண்டும். ரிங் ரோட்டில் வண்டி ஓட்ட இது அனுமதிச் சீட்டு இல்லை. மூன்றாம் நரம்பில் கண் பல திசையில் ஒதுங்குவதால் தாள் அநேகமாகப் பயனற்றது. கோணம் 40ஐத் தாண்டினாலும் அப்படியே. இவர்களுக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒளி ஊடுருவும் மங்கல் டேப்பை ஒட்டிவிடுவது மேல். பத்து ரூபாய் டேப்தான், ஆனால் தலைச்சுற்றல் அன்றைக்கே நிற்கும். பெரியவர்கள் எந்தக் கண்ணை வேண்டுமானாலும் மறைக்கலாம். எட்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு டாக்டர் சொன்னபடிதான், தொடர்ந்து ஒரே கண்ணை மூடினால் அந்தக் கண் சோம்பிப்போகும்.

குழந்தைகளைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்: மாறுகண் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். குழந்தை இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லாது, ஒரு கண்ணை அழுத்தி மூடும் அல்லது தலையைத் திருப்பும். புதிதாக வந்த மாறுகண்ணோடு காலை வாந்தி, தலைவலி இருந்தால் அன்றைக்கே, பாப்பாவில் வெள்ளை ஒளிர்வு தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். பின்னது கண் புற்றாக இருக்கலாம்.

4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை திரும்ப அளக்க வேண்டும். 20, பிறகு 12, பிறகு 6 என்று இறங்கினால் நல்ல செய்தி. மூன்று மாதமாகியும் அசையவில்லை, கூடுகிறது, அல்லது இன்னொரு நரம்பும் சேர்ந்துகொண்டது என்றால் முதலில் ஸ்கேன் எடுக்காதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. தேவை. கண்ணாடிக் கடையில் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது இந்தத் தாளைத் தவறாகப் பயன்படுத்துவதிலேயே மோசமான முறை.

மதுரையில் எங்கே காட்டுவது? 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகள் கண்-மாறுகண் பிரிவும், நரம்பு சார்ந்த கண் நோய்ப் பிரிவும் இருக்கின்றன. வாத நோயாளிக்கு இரண்டுமே வேண்டும்: காரணத்தைத் தேடுவது ஒன்று, கோணத்தை அளந்து தாளோ அறுவையோ முடிவு செய்வது மற்றொன்று. காலையிலேயே போய், பழைய சீட்டு, ஹெஸ் படம், சுகர் ரிப்போர்ட், ஆல்பப் படம் எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்துக் கொடுங்கள். அந்த ஒரு கவர் அரை நாளை மிச்சப்படுத்தும்.

ஆறு மாதம் அளவு மாறாமல் நின்றால்தான் அறுவை. அதற்குள் தாள் தன் வேலையை முடித்திருக்கும். தளர்ந்த வெளித்தசையில் கொஞ்சமாவது வலு மிஞ்சியிருந்தால், உள்தசையைப் பின்னால் தளர்த்தி வெளித்தசையைச் சுருக்கித் தைப்பார்கள். வலுவே இல்லாமல் கண் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை என்றால் செத்த தசையைச் சுருக்கிப் பயனில்லை. மேல், கீழ் தசைகளை வெளிப்பக்கமாக நகர்த்த வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: கண்ணின் முன்பகுதிக்கான ரத்தம் பெரும்பாலும் இந்த நேர்த்தசைகள் வழியாகத்தான் போகிறது. வயதான, சுகர் உள்ளவரின் ஒரே கண்ணில் மூன்று நேர்த்தசைகளை ஒரே நாளில் அறுத்தால் முன்பகுதி ரத்தமின்றி வாடலாம். அதனால் உள்தசையை அறுக்காமல் அதில் போட்டுலினம் ஊசி போட்டுத் தற்காலிகமாகத் தளர்த்துவதும், மேல்தசையை மட்டும் நகர்த்துவதும் உண்டு. ஊசியின் வேலை 2, 3 நாளில் தொடங்கி ஏறக்குறைய 3 மாதம் நிற்கும், நடுவில் சிலருக்கு இமை தொங்கித் திரும்பும். அறுவை முடிந்தாலும் நேராகவும் கீழேயும் ஒன்றாகத் தெரிவதே இலக்கு. ஓரத்தில் பார்த்தால் இரண்டு இருக்கும் என்பதைக் கையெழுத்து போடுமுன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் 4, 5 டையாப்டரைக் கண்ணாடியிலேயே கடைந்து இரண்டு கண்ணுக்கும் பிரித்துப் போட்டால் கனம் தெரியாது, கோடும் தெரியாது.

சரியாகிக்கொண்டே வந்தவர்களுக்குத் தாளைக் கழற்றும் நாள் எப்போது? தாள் இல்லாமல் தெருமுனை விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். நேரே ஒன்று. பிறகு முகத்தை நல்ல பக்கமாக மெல்லத் திருப்பி, அதே கம்பத்தை வாதப் பக்கத்து ஓரக்கண்ணால் பாருங்கள். அங்கேயும் ஒன்றாக இருந்து, ஒரு முழு நாள் தாளில்லாமல் கழிந்தால் உரித்துவிடலாம். ஓரத்தில் மட்டும் இரண்டாகிறது என்றால் அடுத்த தேதிவரை இருக்கட்டும். உரித்த தாளைச் சொந்தக்காரர் யாருக்கும் கொடுக்காதீர்கள். அது உங்கள் கோணத்துக்கு வெட்டியது.